அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோய்: "ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்வதற்கு முன்னால்

1/
நீளமான த்ரெட். வீட்டில் கழுத்துக் கட்டியோடு ஒரு பெரியவர் இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.பி. பார்க்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்கும்தான்.

2/
நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். 2016-ல் என் ஓ.பி.க்கு 67 வயது ஐயா ஒருவர் வந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். குரல் கம்மியிருந்தது.

"முப்பது வருஷம் கத்துன தொண்டை சார், இப்ப வேலையைக் காட்டுது" என்று சிரித்தார். மூன்று வாரமாக இருமல் மருந்து, ஆன்டிபயாட்டிக், சுக்குக் கஷாயம் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

3/
கழுத்தைப் பார்த்தேன். வலது பக்கம் எலுமிச்சையைவிடப் பெரிய கட்டி.

"இது எவ்வளவு நாளா இருக்குங்கய்யா?"

"அது கெடக்கு சார் பதினஞ்சு வருஷமா, ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப ஒரு மாசமாத்தான் பெருசாகுது. போன மாசம் பேத்தி காதுகுத்துக்கு மேல் பட்டன் போட்டுட்டுப் போனேன். இப்ப போட முடியல."

தொட்டால் கல் மாதிரி இருந்தது. எச்சில் விழுங்கச் சொன்னால் தைராய்டு கட்டி மேலே ஏறி இறங்க வேண்டும். இது அசையவில்லை. உள்ளே ஸ்கோப் விட்டுப் பார்த்தால் வலது குரல் நாணும் அசையவில்லை.

4/
பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது: அனாபிளாஸ்டிக் தைராய்டு கார்சினோமா.

மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டாரு. சாதாரணக் கட்டின்னே சொல்லிடுங்க." நான் சரி என்றேன். பிறகு அவரிடம், "இதுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றும் சொன்னேன்.

அன்று நான் செய்த இந்த இரண்டு காரியங்களைப் பற்றித்தான் இந்த த்ரெட். இரண்டாவது வாக்கியம் 2016-ல் ஏறக்குறைய உண்மை. இன்று அது எல்லோருக்கும் உண்மை இல்லை. முதலாவது, அன்றும் தப்பு, இன்றும் தப்பு.

5/
முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். தைராய்டில் கட்டி வருவது ரொம்பச் சகஜம். 10 கட்டிகளில் 9 அல்லது அதற்கும் மேல் புற்றுநோயே இல்லை.

புற்றுநோயாக இருந்தாலும் பெரும்பாலானவை பாப்பிலரி வகை. ஆபரேஷன், தேவைப்பட்டால் ரேடியோ அயோடின், அப்புறம் தினம் ஒரு தைராக்ஸின் மாத்திரை. பத்து வருடம் கழித்தும் 100-ல் 90 பேருக்கு மேல் உயிரோடு இருப்பார்கள். "புற்றுநோய் வந்தாலும் தைராய்டில் வரட்டும்" என்று மருத்துவர்களே பேசிக்கொள்ளும் அளவுக்கு அதற்கு நல்ல பெயர்.

6/
அந்த நல்ல பெயர்தான் இங்கே வம்பு. "தைராய்டு கேன்சர்தானே, மெதுவாப் பாத்துக்கலாம்" என்கிற நிதானம் அனாபிளாஸ்டிக் வகைக்குப் பொருந்தாது.

தைராய்டு புற்றுநோய்களில் இது 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் தைராய்டு புற்றுநோயால் நேரும் மரணங்களில் பெரிய பங்கு இதனுடையது.

7/
என்ன வித்தியாசம்? பாப்பிலரி புற்றுநோய் செல், கெட்டுப்போனாலும் தான் தைராய்டு செல் என்பதை மறக்காது. அயோடினை உறிஞ்சும். அதனால்தான் ரேடியோ அயோடின் கொடுத்து அதைக் கொல்ல முடிகிறது.

அனாபிளாஸ்டிக் செல் அந்த அடையாளத்தையே இழந்துவிட்டது. அயோடினை எடுக்காது. எனவே ரேடியோ அயோடின் இதில் பயன்படாது. வளர்வது மட்டும்தான் அதற்குத் தெரியும். கட்டியின் அளவு வாரக்கணக்கில் இரட்டிப்பாகும்.

8/
மற்ற புற்றுநோய்களில் ஸ்டேஜ் 1, 2, 3 என்று கேட்டிருப்பீர்கள். இதில் அந்தப் பேச்சே இல்லை. கண்டுபிடிக்கும் அன்றே ஸ்டேஜ் 4தான். தைராய்டுக்குள் மட்டும் இருந்தால் 4ஏ, கழுத்தில் பரவியிருந்தால் 4பி, நுரையீரல், எலும்பு என்று தூரமாகப் போயிருந்தால் 4சி. கண்டுபிடிக்கும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு 4சி.

நாங்கள் படித்த பாடப்புத்தகங்களில் இருந்த கணக்கு: சராசரி ஆயுள் 5 மாதம் சொச்சம். ஒரு வருடம் தாண்டுபவர்கள் 5 பேரில் 1.

9/
நல்ல ஆஸ்பத்திரி இல்லாததால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வில்லியம் ரென்க்விஸ்ட்டுக்கு 2004 அக்டோபரில் தைராய்டு புற்றுநோய் என்று அறிவித்தார்கள். மூச்சுக்குழாயில் துளை போட்டார்கள், ரேடியேஷன், கீமோ எல்லாம் கொடுத்தார்கள். 2005 செப்டம்பர் 3-ல் இறந்தார். எந்த வகை என்று நீதிமன்றம் வெளியிடவே இல்லை. ஆனால் சிகிச்சை முறையைப் பார்த்த நிபுணர்கள் பலர் அனாபிளாஸ்டிக்காக இருக்கலாம் என்றே ஊகித்தார்கள்.

அந்தக் காலத்தில் அந்த நாட்டின் தலைமை நீதிபதிக்கே கையில் இருந்தது அவ்வளவுதான்.

10/
யாருக்கு வருகிறது? பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். பல வருடமாகக் கழலை இருப்பவர்களுக்கும், முன்பே பாப்பிலரி போன்ற சாதாரண வகை இருந்து கவனிக்கப்படாமல் போனவர்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். பழைய கட்டி ஒன்றுதான் திடீரெனக் குணம் மாறுகிறது.

அதனால் "இருபது வருஷமா இருக்கற கட்டிதானே" என்பது ஆறுதல் இல்லை. எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசி ஒரு மாதத்தில் என்ன ஆனது என்று கேளுங்கள்.

11/
நோட் பண்ணிக்கோங்க. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்:

- சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிய வளரும் கழுத்துக் கட்டி
- கட்டியோடு சேர்ந்து குரல் கம்முவது
- சோறு இறங்காமல் தண்ணீர் வைத்து விழுங்க வேண்டியிருப்பது, சாப்பிடும்போது புரையேறுவது
- படுத்தால் மூச்சு முட்டுவது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருவது
- கல் மாதிரி கெட்டியாக, அசையாமல் இருக்கும் கட்டி

ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். நார்மல் என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். அது சுரப்பி வேலை செய்கிறதா என்று சொல்லும். கட்டி புற்றுநோயா என்று சொல்லாது.

12/
வேகமாக வளரும் எல்லாக் கட்டியும் அனாபிளாஸ்டிக் இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் வலியோடு வீங்கினால், பழைய நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அது பெரும்பாலும் தானே வடியும்.

இன்னொன்று தைராய்டு லிம்ஃபோமா. பார்வைக்கு அப்படியே அனாபிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அதே வயது, அதே வேகம். ஆனால் கீமோவுக்குக் கரைந்துபோகும், நிறைய பேர் முழுதாகக் குணமாகிறார்கள். கழுத்தைப் பார்த்தவுடனே "இது அதுதான், கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அனுப்பினால், பிழைக்க வேண்டிய ஒருவரையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம்.

13/
எனவே திசு இல்லாமல் தீர்ப்பு கூடாது. மெல்லிய ஊசி போட்டு எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. இதில் பல நேரம் போதாது. கட்டிக்குள் செத்துப்போன திசு அதிகம் என்பதால் ஊசியில் ஒன்றும் தெளிவாக வராது. தடித்த ஊசியில் கோர் பயாப்ஸி எடுத்துவிடுவது நல்லது.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூச்சுத் திணறல் இல்லாதவருக்கு, பயாப்ஸிக்கு முன்னால் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுவிடாதீர்கள். லிம்ஃபோமாவாக இருந்தால் கட்டி சுருங்கி, திசுவில் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

14/
சரி, 2016-க்கு அப்புறம் என்ன மாறியது?

கதை 2002-ல் தொடங்குகிறது. பிராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட எழுத்துப்பிழை பல புற்றுநோய்களில், முக்கியமாக மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இருப்பதை இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிழையின் பெயர் வி600ஈ. செல்லுக்கு "வளர்" என்று கட்டளை தரும் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்வதுதான் இந்தப் பிழையின் விளைவு.

அந்த ஸ்விட்சை அணைக்கும் மாத்திரைகள் மெலனோமாவுக்காகத்தான் முதலில் வந்தன.

15/
அனாபிளாஸ்டிக் தைராய்டில் பார்த்தால், சுமார் 10 பேரில் 4 பேருக்கு இதே பிழை இருக்கிறது.

ஆனால் பிராஃபை மட்டும் அடைத்தால் செல் வேறு வழியில் புகுந்து வளர்ந்துவிடுகிறது. எனவே அதற்கு அடுத்த கண்ணியான மெக் என்பதையும் சேர்த்து அடைக்கிறோம். டாப்ராஃபெனிப், ட்ராமெடினிப். இரண்டும் வாயில் போடும் மாத்திரைகள். இந்த ஜோடிக்கு 2018 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்காகவே அனுமதி கொடுத்தது.

16/
எவ்வளவு வேலை செய்கிறது? 2022-ல் வெளியான ரோர் ஆய்வின் முழுக் கணக்கு: பிராஃப் பிழை உள்ள 36 நோயாளிகள். 56 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. சராசரி ஆயுள் 14.5 மாதம். இரண்டு வருடம் கழித்தும் ஏறக்குறைய 3-ல் 1 பங்கு பேர் உயிரோடு இருந்தார்கள்.

36 பேர்தானா என்று கேட்காதீர்கள். இவ்வளவு அரிய நோய்க்கு உலகம் முழுக்கத் தேடித்தான் அத்தனை பேரைச் சேர்க்க முடிந்தது.

17/
இன்னொரு கணக்கு. டெக்சாஸில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 2000 முதல் 2019 வரை வந்த 479 அனாபிளாஸ்டிக் நோயாளிகளைப் பற்றி 2020-ல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு வருடம் தாண்டியவர்கள்:

2000–2013: 35 சதவீதம்
2014–2016: 47 சதவீதம்
2017–2019: 59 சதவீதம்

இதில் 20 பேருக்கு முதலில் பிராஃப் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன் செய்தார்கள். அவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 94 சதவீதம்.

18/
இதைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் "தைராய்டு கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு, 94 சதவீதம் குணம்" என்று அனுப்பாதீர்கள், ப்ளீஸ்.

அந்த 20 பேர் மாத்திரைக்கு நன்றாகக் கேட்டு, ஆபரேஷன் தாங்கும் உடம்போடு இருந்தவர்கள். அவ்வளவு தூரம் பயணம் செய்து போகும் நிலையில் இருந்தவர்கள். ஒரு வருடம் தாண்டுவது குணமாவதும் இல்லை. மாத்திரைக்குக் கட்டுப்பட்ட நோய் பலருக்கு மாதங்களில் திரும்பக் கிளம்புகிறது. ரோர் ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த சராசரிக் காலம் 6.7 மாதம்.

ஆனாலும் 20 வருடமாக அசையாத கணக்கு அசைந்திருக்கிறது.

19/
மீதி 6 பேருக்கு? சிலருக்கு ஆர்.இ.டி., என்.டி.ஆர்.கே. போன்ற மிக அரிய மரபணு மாற்றங்கள் இருக்கும், அவற்றுக்குத் தனி மாத்திரைகள் உண்டு. இம்யூனோதெரபி சிலருக்குக் கேட்கிறது. ஸ்பார்டலிசுமாப் என்ற மருந்தை 42 பேருக்குக் கொடுத்த ஆய்வில் 19 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது.

கட்டி முழுதாக எடுக்கும் நிலையில் இருந்தால் ஆபரேஷன், கையோடு ரேடியேஷனும் கீமோவும். பாதியை வெட்டிவிட்டு மீதியை விடும் ஆபரேஷனால் லாபம் இல்லை. காயம் ஆறுவதற்குள் மீதி வளர்ந்துவிடும், ரேடியேஷனும் தள்ளிப்போகும்.

20/
இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் ஊரில் இந்த நோயாளிகளின் விதியைத் தீர்மானிப்பது மருந்து மட்டும் இல்லை. நாட்கள்.

கட்டி வளர ஆரம்பித்து எங்களிடம் வர ஒரு மாதம். ஸ்கேனுக்கு ஒரு வாரம். எஃப்.என்.ஏ.சி. "போதவில்லை" என்று வர ஒரு வாரம், மறுபடி பயாப்ஸிக்கு ஒரு வாரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் "பிளாக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவதில் இன்னொரு வாரம். முழு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று வாரம்.

மார்பகப் புற்றுநோயில் இந்தத் தாமதம் வருத்தமான விஷயம். இதில் அதுவே முடிவு. ரிப்போர்ட் வரும்போது வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதில்லை.

21/
இத்தனைக்கும் பிராஃப் வி600ஈ இருக்கிறதா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஐ.ஹெச்.சி. என்ற சாயப் பரிசோதனை. ஏற்கெனவே எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே செய்யலாம். ஓரிரு நாளில் பதில் கிடைக்கும். முழு மரபணுப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் செலவும் சொற்பம்.

நான் கேட்பது இதுதான்: அனாபிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்த அன்றே, யாரும் தனியாகச் சீட்டு எழுதிக் கேட்காமலே, நோய்க்குறியியல் துறை இந்தச் சாயத்தையும் சேர்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இது வழக்கமாக வேண்டும்.

22/
ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்?

2022-ல் ஒரு அம்மா வந்தார். 61 வயது, பூ கட்டி விற்பவர். அதே மாதிரிக் கட்டி, அதே மாதிரிக் குரல். இந்த முறை நான் 2016-ல் இருந்த ஆள் இல்லை. வந்த அன்றே கோர் பயாப்ஸி. நோய்க்குறியியல் மேடத்துக்கு நானே போன் செய்து சொன்னேன். நான்காவது நாள் பதில்: அனாபிளாஸ்டிக், பிராஃப் பாசிட்டிவ். அன்று சாயங்காலமே புற்றுநோய் மருத்துவரிடம் பேசி அனுப்பினேன்.

23/
மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் மகளோடு வந்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் கட்டி பாதி. "இட்டிலி இறங்குது சார்" என்றார். நடுவில் குளிர் காய்ச்சல் வந்து போனது, அது டாப்ராஃபெனிப்பின் வழக்கமான தொந்தரவு. சில மாதம் கழித்து ஆபரேஷன் செய்ய முடிந்தது.

அந்த அம்மா குணமாகவில்லை. நுரையீரலில் நோய் திரும்பியது. கண்டுபிடித்ததிலிருந்து 17 மாதம் இருந்தார். அதில் ஒரு வருடத்துக்கு மேல் கோயில் வாசலில் உட்கார்ந்து பூ கட்டினார். கடன் சீட்டைத் தானே அடைத்துவிட்டுப் போனார். ஆரம்பத்தில் ஒரு பத்து நாள் தவறியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

24/
நியாயமான ஒரு கேள்வி வரும். "டாக்டர், அந்த மாத்திரை மாதத்துக்கு லட்சக்கணக்கில் ஆகுமே. 17 மாதத்துக்காக ஒரு குடும்பம் வீட்டை விற்கணுமா?"

விற்கச் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்கு நிறுவனத்தின் உதவித் திட்டத்தாலும் சில நல்லவர்களாலும்தான் மருந்து கிடைத்தது. அது கொடுப்பினை. கொடுப்பினையை நம்பி மருத்துவம் நடக்கக் கூடாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த நோய்க்கு இந்த மாத்திரைகள் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நோயாளிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் அரசுக்கு இது தாங்கக்கூடிய செலவுதான்.

25/
"அரிய நோய்க்கு எதுக்கு இவ்வளவு? அந்தக் காசில் ஆயிரம் பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கலாமே" என்று என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். மதிக்க வேண்டிய வாதம்தான்.

ஆனால் நான் முதலில் கேட்பது லட்ச ரூபாய் மருந்து இல்லை. ஒரு வாரத்துக்குள் சரியான பயாப்ஸி, ஒரு சாயம், ஒரு போன் கால். அதனால் லிம்ஃபோமாக்காரர் பிழைப்பார். பிராஃப் இல்லாதவரின் குடும்பம் பலனில்லாத மாத்திரைக்குக் கடன் வாங்காது. இருப்பவருக்கு ஒரு வழி தெரியும். வேகத்துக்குப் பெரிய செலவு இல்லை.

26/
இனி அந்தக் கண்டக்டர் ஐயாவுக்கு வருகிறேன். நான் "சரி" என்று சொன்ன விஷயம்.

"சாதாரணக் கட்டிதான், கரன்ட் வச்சா கரையும்" என்று அவரிடம் சொன்னோம். ரேடியேஷனுக்குத் தேதி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். 12 நாள் கழித்து ராத்திரி 2 மணிக்கு மூச்சுத் திணறி வந்தார். அவசரமாக மூச்சுக்குழாயில் துளை போட்டு ட்யூப் வைத்தேன். அதாவது ட்ரக்கியாஸ்டமி. உயிர் நின்றது. பேச்சு போனது.

27/
மறுநாள் சைகை காட்டி நோட்டும் பேனாவும் கேட்டார். "கேன்சரா?" என்று எழுதினார். நான் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுதினார்: "தம்பியை வரச் சொல்லுங்க." நிலத் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி. அன்று மாலையே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதார். ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. தம்பிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பிறகு ஐயா எனக்கு எழுதியது: "முன்னாடியே சொல்லியிருந்தா பேசியிருப்பேனே சார்."

28/
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அடுத்த ஐந்து வாரத்தில் அவர் இறந்துவிட்டார்.

"தாங்க மாட்டார்" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நம்மால் தாங்க முடியாததைத்தான் சொல்கிறோம். மகனைக் குறை சொல்லவில்லை, பாசத்தில் கேட்டார். வேண்டாம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது என் வேலை.

எந்தப் புற்றுநோயிலும் மறைப்பது தவறு. இந்த நோயில் இரட்டைத் தவறு. ஏனென்றால் இது உயிருக்கு முன்னால் குரலைப் பறிக்கும்.

29/
உடைத்துப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நான் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்: "ஐயா, ரிப்போர்ட் வந்திருக்கு. எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது பேசட்டுமா?"

சிலர் "பையன்கிட்ட சொல்லுங்க" என்பார்கள். அதுவும் அவர்களின் உரிமைதான். ஆனால் நிறைய பேர் "எங்கிட்டயே சொல்லுங்க" என்கிறார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

30/
சொன்னால்தான் மற்ற கேள்விகளைக் கேட்க முடியும். மூச்சு அடைத்தால் துளை போடலாமா, வேண்டாமா? காசைச் செலவழித்து ஒரு வருடம் முயற்சி பண்ணலாமா, வீட்டோடு இருக்கிறீர்களா? யாரையாவது பார்க்கணுமா, கையெழுத்துப் போட வேண்டியது இருக்கிறதா?

17 மாதத்துக்கு என்ன மதிப்பு என்று நானோ, மகனோ, காப்பீட்டு அதிகாரியோ முடிவு செய்ய முடியாது. அந்த அம்மாவுக்கு அது கடன் அடைத்த 17 மாதம். இன்னொருவர் "வேண்டாம் சார், வலி மட்டும் இல்லாம பாத்துக்குங்க" எனலாம். இரண்டும் சரியான முடிவு, அவர்களே எடுத்திருந்தால்.

31/
"வேண்டாம்" என்றவருக்கும் செய்ய நிறைய இருக்கிறது. மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மார்ஃபின் நல்ல மருந்து. "அது போதை, கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க" என்பது கட்டுக்கதை, சரியான அளவில் கொடுத்தால் நிம்மதியாக இருப்பார்கள். ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கி வைப்பதற்கு இருந்த சட்டச் சிக்கலை 2014-ல் திருத்தம் செய்து எளிதாக்கியும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தக் குழுவைக் கடைசி வாரத்தில் இல்லை, முதல் வாரத்திலேயே கூப்பிட வேண்டும்.

32/
சுருக்கமாக, மக்களுக்கு:

- பழைய கழலை திடீரென வளர்ந்தால், குரல் மாறினால், அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.
- அனாபிளாஸ்டிக் என்று ரிப்போர்ட் வந்தால் "பிராஃப் டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.
- ஸ்லைடு, பிளாக் இரண்டையும் வாங்கிக்கொண்டே அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- நோயாளியிடம் மறைக்காதீர்கள்.

33/
மருத்துவ நண்பர்களுக்கு:

- வேகமாக வளரும் கட்டியை வரிசையில் நிறுத்தாதீர்கள். போனை எடுத்துப் பேசுங்கள்.
- கோர் பயாப்ஸி, கூடவே பிராஃப் சாயம், ஒரே வாரத்தில்.
- திசு வருவதற்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.
- "ஒண்ணும் பண்ண முடியாது" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். "குணப்படுத்துவது கஷ்டம், ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்கு என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம்" என்று சொல்லலாம்.

34/
அந்த நோட்டுத் தாள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. இத்தனை வருடம் இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு ஒரு மருத்துவர் ஒரே ஒரு பயாப்ஸியை ஒரு வாரம் முன்னதாக எடுத்தால், ஒரு மகன் தன் அப்பாவிடம் உட்கார்ந்து பேசினால், அது போதும். தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள். கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள், ஓ.பி. முடிந்ததும் பதில் சொல்கிறேன்.